யசிந்தா நன்மை எடுக்காத ஞாயிறுகள்

எங்கள் பங்கில் ஒருவர் பூசைக்கு வராவிட்டால் ஒரு மாதம் வரைக்கும் பொறுப்பார்கள். காய்ச்சல் வருத்தமாக்கும், எங்கேயும் போயிருப்பாராக்கும் என்று விட்டுவிடுவார்கள். பூசைக்கு வந்திருந்து நன்மை எடுக்காமல் எழும்பிப் போனால் மட்டும், பூசை முடியும்வரை கூடப் பொறுக்கமாட்டார்கள். நன்மை என்று நாங்கள் சொல்வது நற்கருணையை. சாவான பாவத்தோடு இருப்பவர் சுவாமியிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அதை வாங்கக்கூடாது என்பது ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு ஏற்றிவிட்ட பாடம். அந்தப் பாடத்தில் பாதியைத்தான் நாங்கள் ஒழுங்காகப் படித்தோம். உன் பாவத்தை எண்ணிப் பார் என்ற பாதியை விட்டுவிட்டு, வரிசையில் எழும்பாதவரின் பாவம் என்னவாக இருக்கும் என்ற பாதியைப் பிடித்துக்கொண்டோம்.

யசிந்தா அப்படி எழும்பிப் போகிறவள். காணிக்கை எடுக்கிற நேரம் வரைக்கும் பெண்கள் பக்கத்தில் கடைசி மர வாங்கில் இருப்பாள். பிறகு முகம் வெளிறும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கக் கதவால் விறுவிறுவென்று போய்விடுவாள். மற்றவர்கள் கைகூப்பிக்கொண்டு பீடத்தை நோக்கிப் போக, அவள் வாங்கு வெறுமையாகக் கிடக்கும். எல்லோரும் அதைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவளுடையது. புருஷன் யாகோப்பு எண்பத்தாறில் கடலுக்குப் போனான். வள்ளம் கரை ஒதுங்கியது, ஆள் வரவில்லை. ஒரே மகள் மன்னாரில் கட்டிப்போய்விட்டாள். யசிந்தா தனியாக இருந்து மீன் விற்றுச் சீவித்தாள். நல்ல வாய்க்காரி. வாங்க வருகிறவர் திரும்பத் திரும்பச் செவிளைத் தூக்கிப் பார்த்தால், "பாத்தது காணும், மீனுக்கும் வெக்கம் இருக்குதெல்லோ" என்பாள்.

எண்பத்தொன்பதில் வலது விலாவுக்குக் கீழே குத்து வந்து, பித்தப்பையில் கல் என்று கண்டு, பையோடு எடுத்துவிட்டார்கள். குத்துப் போனது. காயமும் ஆறியது. வீட்டுக்கு அனுப்பும்போது, "வெறுவயித்தோடை இருக்காதேங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று யாரோ ஒரு தாதி சொல்லியிருக்கிறாள். யசிந்தா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அதுவரைக்கும் நன்மை எடுக்கிற நாளில் பச்சைத் தண்ணீர் குடியாதவள், ஞாயிறு விடியவே பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும் பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டுத்தான் இரண்டாம் பூசைக்கு வருவாள்.

பிறகுதான் வயிற்றாலே போகத் தொடங்கியது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கும். தண்ணீராக, மஞ்சளும் பச்சையுமாக, எரிவோடு போகும். இரத்தமில்லை, சளியில்லை, காய்ச்சலில்லை. அடக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் எழும்பி ஓடுகிற தூரத்துக்குள் கக்கூஸ் இருக்கவேண்டும், அதற்குள் ஆள் இருக்கக்கூடாது. எங்கள் ஒழுங்கைக்கு இருந்தது பொதுவாக ஒன்று. காலையில் வாளியோடு வரிசை நிற்கும். அந்த வரிசையில் அவளும் நின்றாள். சண்டையால் எங்கள் பக்கம் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலம் வேறு. சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக அறுத்து விற்றார்கள். நாங்கள் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். மற்றவர்கள் கிழமைக்கு ஒருமுறை தோய்த்த காலத்தில் யசிந்தாவின் கொடியில் எந்நாளும் சேலை தொங்கியது. சுத்தக்காரி என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழைக் கேட்டு அவள் கூனிக் குறுகிப் போனாள்.

மருந்தெடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தாள். ஆனால் தன் பெயரில் எடுக்கவில்லை. டிஸ்பென்சரிக்குப் போய், "எனக்கில்லை ஐயா, சின்னத்தங்கம் மாமிக்கு" என்று சொல்லுவாள். சின்னத்தங்கம் மாமி யாகோப்புவின் தாய்வழிச் சொந்தம், பாவம், மலச்சிக்கலில் கஷ்டப்பட்ட மனுஷி. மாமிக்கென்று பூச்சிக் குளிசை கொடுத்தார்கள். வயிற்றுக்கடுப்புக்கென்று வாய் கசக்கிற குளிசை கொடுத்தார்கள். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் மாதுளங்கோது அவித்துக் குடிக்கச் சொன்னார். ஒன்றுக்கும் நிற்கவில்லை. பித்தப்பை எடுத்த ஆளா என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? சின்னத்தங்கம் மாமிக்குப் பித்தப்பை பத்திரமாக இருந்தது.

இப்போது சூசைதாசனைப் பற்றிச் சொல்லவேண்டும். யாகோப்புவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன். யாகோப்பு போன அன்று காய்ச்சல் என்று கரையில் நின்றதால் தப்பியவன். அந்த நினைப்பில் யசிந்தாவைச் சொந்த அக்காவாகவே பார்த்தான். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு, கரையோரம் பிடிபடுகிற இறாலையும் திரளி மீனையும் வாங்கிச் சைக்கிளில் கட்டி மானிப்பாய்ப் பக்கம் கொண்டுபோய் விற்றான். பஸ் இல்லாததால் யசிந்தாவும் நாற்பத்தைந்து வயதில் விழுந்தெழும்பிச் சைக்கிள் ஓடப் பழகி, மீன் பெட்டியான கடகத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனோடு போவாள்.

ஒரு நாள் ஆனைக்கோட்டை தாண்டிப் போகும்போது அவளுக்கு முறுக்கியது. சைக்கிளை அவன் கையில் கொடுத்துவிட்டு றோட்டோரப் பனை வடலிக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது அழுதுகொண்டு வந்தாள்.

"சூசை, நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. றோசுக்கும் சொல்லக்கூடாது."

றோஸ் அவன் பெண்சாதி. இரண்டு பிள்ளைகளின் தாய்.

"நான் ஏனக்கா உதைப் போய்ச் சொல்லப்போறன்?"

"அப்பிடியில்லை. அந்தோனியார் பேரிலை சத்தியம் பண்ணு."

"சரி, அந்தோனியாராணை சொல்லமாட்டன். கண்ணைத் துடையுங்கோ, மீன் பழுதாப்போகும்."

அந்தோனியார் பேரில் சத்தியம் செய்து மீறுகிறவனுக்குக் கடல் படியளக்காது என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. சூசைதாசனுக்கு அந்த நம்பிக்கை எலும்பு வரைக்கும் ஊறியது. அதற்குப் பிறகு அந்த வடலியடியில் பல முறை நிற்கவேண்டி வந்தது. அவன் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு, முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான்.

அப்படி நின்ற ஒரு நாள் எங்கள் கோயில் மூப்பர் நீக்கிலாப்பிள்ளை அந்த வழியால் வந்தார். இரண்டு சைக்கிள், ஒரு ஆம்பிளை, வடலிக்குள்ளிருந்து சேலையைச் சரிப்பண்ணிக்கொண்டு வருகிற ஒரு கைம்பெண். நீக்கிலாப்பிள்ளையருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "என்ன சூசை, களைப்பாறுறியளோ" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் குருநகர் வந்து சேர்ந்த பிறகு கதை எங்கள் ஒழுங்கைக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாகக் கிடந்த வாங்குக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஊர் எவ்வளவு நிம்மதிப்பட்டது என்று சொல்ல முடியாது.

தொண்ணூற்றிரண்டில் நோன்பு நாட்களான தபசு காலம் வந்தது. யசிந்தா வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி பிடித்தாள். காலையில் ஒன்றுமில்லை, பின்னேரம் ஒரு நேரம் கஞ்சியும் ஒரு கீரையும். எண்ணெய் இல்லை, பால் இல்லை, மீன் மச்சம் இல்லை. வெறுவயிற்றோடு இருக்கக்கூடாது என்ற தாதியின் சொல்லைக் கடவுளுக்காக மீறினாள். அந்த நாட்களில் வயிறு அமைதியாகக் கிடந்தது. அவள் திகைத்துப்போனாள். பெரிய வெள்ளி முழுக்க அன்னம் தண்ணியில்லாமல் கோயிலிலேயே இருந்தாள். சிலுவையை முத்தமிட்டாள். அன்று வரிசையில் எழும்பிப் போய் நன்மையும் எடுத்தாள். அழுகை தாங்காமல் முகத்தை மூடிக்கொண்டு வந்து இருந்தாள்.

இரண்டு நாளில் யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள். திருநாள் என்றால் திருநாள்தானே, காலமே ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பால் விட்ட சோறும் சாப்பிட்டாள். பூசையில் மகிமைப் பாட்டு முடியவில்லை, எழும்பி ஓடினாள்.

அவள் இதற்கு எடுத்த பொருள் வேறு, ஊர் எடுத்த பொருள் வேறு. இரண்டும் பிழை. தான் பட்டினி கிடந்தால் கடவுள் இரங்குகிறார், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டால் தண்டிக்கிறார் என்று அவள் நினைத்தாள். யாகோப்பு செத்ததற்குப் பிறகும் தனக்குச் சாப்பாட்டு ஆசை விடவில்லை என்பதுதான் குற்றம் என்று தன்னையே தீர்ப்பிட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து கிழமையில் பாதி நாள் ஒருசந்தி. கன்னம் ஒட்டியது. ஊரோ, பெரிய வெள்ளிக்குப் பாவசங்கீர்த்தனம் செய்து திருந்தினவள் பாஸ்கு வருவதற்குள் திரும்ப விழுந்துவிட்டாள் என்று பேசியது. இரண்டே நாள் தாக்குப்பிடித்தாள் என்று நீக்கிலாப்பிள்ளையர் வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னதை நானே கேட்டேன். அவரைப் பிடித்துக் கடலில் தள்ளினால் என்ன என்று எனக்கு வந்தது.

பாஸ்கு கழிந்த கிழமை றோஸ் புருஷனைக் கேட்டாள். வடலிக்குள் என்ன வேலை? அவன் ஒரு பிழையும் இல்லை என்றான். அப்படியானால் ஏன் நின்றாய்? அதைச் சொல்ல ஏலாது என்றான். சொல்ல ஏலாது என்ற அந்த ஒரு சொல்லில் றோஸ் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பாசையூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சூசைதாசன் அடுத்த நாள் யசிந்தாவின் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்கா, என்னை அந்தச் சத்தியத்திலையிருந்து விடுங்கோ. றோசுக்கு மட்டும் சொல்லுறன்."

"அவள் தாய்க்குச் சொல்லுவாள், தாய் சந்தைக்குச் சொல்லுவாள், சூசை."

"என்ரை பிள்ளையள் போட்டுதுகள் அக்கா."

"கொஞ்சம் பொறு. நான் மருந்தெடுத்து மாத்திப்போடுவன். இது நிண்டால் எல்லாம் தன்பாட்டிலை சரிவரும்."

அவன் திரும்பிப் போனான். யசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கள்ளப் புருஷன் வைத்திருக்கிறாள் என்று ஊர் சொல்வதைத் தாங்கினாள். அடக்க முடியாமல் சேலையோடு போகிறவள் என்று ஒரு ஆள் சொல்வதைத் தாங்க அவளால் முடியவில்லை. பாவி என்றால் கடவுளிடம் மன்னிப்பு உண்டு. நாற்றத்துக்கு எங்கே மன்னிப்பு? இதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். வெட்கம் மனிதரை எவ்வளவு கொடுமைக்காரர் ஆக்கும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணுக்கு முன்னால் ஒரு குடும்பம் உடைந்துகொண்டிருந்தது, அவள் தன் சேலையைப் பற்றி யோசித்தாள்.

எங்கள் பங்குக் குரு செபநாயகம் சுவாமியும் அவளைக் கூப்பிட்டு, "பிள்ளை, மனதிலை பாரமிருந்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வா" என்று அன்பாகத்தான் சொன்னார். சுவாமியிடம் போய் வயிற்றாலே போகிற கதையைச் சொல்வதா? தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவரும் தலைகுனிந்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்.

சூசைதாசன் இல்லாமல் தனியாக மானிப்பாய் போகத் தொடங்கினாள். வழக்கமாக மீன் கொடுக்கிற வீடுகளில் ஒன்று டொக்டர் பராசக்தியின் வீடு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, ஐம்பது வயதுக் கண்டிப்பான மனுஷி. வெள்ளியும் செவ்வாயும் மச்சம் இல்லாத வீடு. ஒரு புதன்கிழமை அந்த வீட்டு விறாந்தையில் கடகத்தை இறக்கி மீனைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது யசிந்தாவுக்கு முறுக்கியது. அந்த ஊர் வீடுகளில் மீன்காரி கிணற்றடிப் பக்கம் போவதே வழக்கமில்லை. அவள் வழக்கத்தைப் பார்க்கவில்லை. மீனைப் போட்டுவிட்டு வளவின் பின்பக்கம் ஓடினாள். கக்கூஸ் வாசல்வரைக்கும்தான் போக முடிந்தது.

டொக்டர் பின்னால் வந்து பார்த்தார். ஒரு வாளி தண்ணீரையும் தன் பழைய சேலை ஒன்றையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு விறாந்தைக்குப் போய் இருந்தார். யசிந்தா கழுவி உடுத்திக்கொண்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டொக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு காலமா இது?" என்று டொக்டர் கேட்டார்.

"என்ரை மாமிக்குத்தான் டொக்டரம்மா இந்த வருத்தம். அவவிட்டையிருந்து தொத்தியிருக்கு."

"மாமிக்கெண்டால் நீங்கள் ஏன் ஓடினனீங்கள்? இருங்கோ. உங்கடை கதையைச் சொல்லுங்கோ."

யசிந்தா கீழே இருந்தாள். டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். இரத்தம் போகுதா, சளி போகுதா, காய்ச்சல் வந்ததா, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது. யசிந்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு மறுமொழி சொன்னாள். சொதிக்கும் பொரியலுக்கும் அதிகமாக வரும். எரியும்.

"ஒண்டும் சாப்பிடாட்டி?"

"ஒருசந்தி நாளிலை ஒண்டுமில்லை. அண்டைக்கு நல்ல சுகம். கடவுள் ஒருசந்தியை ஏத்துக்கொள்ளுறார் போலை எண்டு நினைக்கிறன்."

டொக்டர் நிமிர்ந்து இருந்தார். "வயித்திலை எப்பவாவது வெட்டினதோ?"

"பித்தப்பை எடுத்தது."

"அதுக்கு முந்தி இந்த வருத்தம் இருந்ததோ?"

யசிந்தா யோசித்தாள். மூன்று வருடமாக அவள் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்ததே இல்லை. "இல்லை," என்றாள். "அதுக்குப் பிறகுதான்."

டொக்டர் கடகத்திலிருந்து ஒரு திரளியை எடுத்து முன்னால் வைத்தார். "மீன் வெட்டேக்கை பித்தம் உடைஞ்சால் என்ன செய்யும்?"

"தசையெல்லாம் பச்சை பிடிக்கும். கைச்சுப்போகும். அதை உடையாமல் எடுக்கவேணும்."

"உங்கடை வயித்துக்குள்ளையும் பித்தம் இருக்கு. ஈரல்தான் அதைச் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேத்து வைச்சு, கொழுப்பாச் சாப்பிடேக்கை அளவா விடும். வேலை முடிஞ்ச பித்தத்தைச் சின்னக் குடல்ரை கடைசிப் பக்கம் உறிஞ்சித் திருப்பி ஈரலுக்கு அனுப்பும். இப்ப உங்களுக்குச் சேத்து வைக்கப் பையில்லை. பித்தம் தன்ரை பாட்டிலை ஒழுகிக்கொண்டிருக்கு. குடல் உறிஞ்சினது போக மிச்சம் பெருங்குடலுக்குள்ளை இறங்குது. அது அங்கை போகவேண்டிய சாமானில்லை. போனால் குடலை எரிச்சுத் தண்ணியை இழுக்கும். அந்தத் தண்ணிதான் உங்களை ஓட வைக்குது."

"அப்ப ஒருசந்தி?"

"சாப்பிடாட்டிப் பித்தம் குறைய வரும், குறையப் போகும். கடவுள் உங்களைத் தண்டிக்கவுமில்லை, பட்டினியைக் கண்டு இரங்கவுமில்லை. நீங்கள் இப்பிடியே கிடந்தால் எலும்புதான் மிஞ்சும்."

யசிந்தா அழுதாள். தான் பாவியில்லை என்று கேட்டதற்கு அழவில்லை. பாஸ்குவிலிருந்து இவ்வளவு நாளும் ஒரு சதத்துக்கு உதவாத காரியத்துக்குத் தன்னைத் தண்டித்திருக்கிறாள் என்பதற்கு அழுதாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் தாதியையும் மூப்பரையும் பெயர் சொல்லித் திட்டியிருப்பேன். அவள் தன்னைத்தான் திட்டினாள்.

டொக்டர் உடனே முடிவு சொல்லவில்லை. பித்தப்பை எடுத்த எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, ஆகவே மற்றதுகளை முதலில் விலக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, மலத்தைச் சோதித்தார். கிருமி இல்லை, பூச்சி இல்லை. இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் ஒரு சோதனை இருக்கிறதாம்.

"எங்களிட்டை இருக்கிற சோதனை, மருந்தைக் குடுத்துப் பாக்கிறதுதான்," என்றார். "பித்தத்தைப் பிடிச்சு வைக்கிற மருந்துக்கு நிண்டால், வருத்தம் பித்தத்தாலைதான். நிக்காட்டித் திரும்ப வாங்கோ, வேற தேடுவம்."

அந்த மருந்து யாழ்ப்பாணத்தில் இல்லை. நெஞ்செரிவுக்குக் கொடுக்கிற அலுமினியம் சேர்ந்த வெள்ளைக் குளிசை கொஞ்சம் பித்தத்தைப் பிடிக்கும் என்று அதைச் சாப்பாட்டுக்கு முன் சப்பச் சொன்னார். பால் சொதியையும் பொரியலையும் நிறுத்தச் சொன்னார். பாதி குறைந்தது. பிறகு கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் தாண்டி வந்த உறவினர் ஒருவரின் பையில் டொக்டர் எழுதிக் கேட்ட பொடி வந்து சேர்ந்தது. கொலஸ்டிரமீன் என்று பெயர். தோடம்பழ வாசம், வாயில் கடற்கரை மணல். யசிந்தா அதைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டொரு நாளில் நின்றது. சோறு சாப்பிட்டாள், மீன் சாப்பிட்டாள், ஓடவில்லை. டொக்டர் தன் ஊகம் சரி என்றார். வேறு மருந்துகளை அதோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம், பொடி அவற்றையும் பிடித்து வைத்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் நினைத்தது, இனி எல்லாம் சரி என்று. ஓடினதால்தானே கதை வந்தது, ஓடாமல் இருந்தால் கதை தானாகச் சாகும். சூசைதாசனும் தப்பினான், தன் மானமும் தப்பியது. அந்த முறை கோயில் திருநாளுக்கு அவள் நல்ல சேலை உடுத்தி முன் வாங்கில் இருந்தாள். காணிக்கை நேரத்தில் எழும்பி ஓடவில்லை. நன்மை வரிசையில் நிமிர்ந்து போனாள்.

கோயில் முழுக்கத் தலை திரும்பியது. பூசை முடிந்து வெளியில் வந்தபோது கதை எங்களுக்கு முன்னால் நின்றது. யசிந்தா பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாள், சூசைதாசனை விட்டுவிட்டாள். அதுவரைக்கும் கொஞ்சம் சந்தேகமாவது இருந்தது. இப்போது அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நீக்கிலாப்பிள்ளையர் அவளுக்குக் கைகொடுத்து, "திருந்தினதுக்குச் சந்தோஷம் பிள்ளை" என்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளத் தெரியாமல் நின்றாள்.

அன்று பின்னேரமே பாசையூரிலிருந்து றோஸ் சொல்லியனுப்பியது சூசைதாசனுக்கு வந்தது. "சுவாமி மன்னிச்சிருப்பார். நான் மன்னிக்கேல்லை. இனி வந்து கூப்பிடவேண்டாம்."

அடுத்த நாள் விடியற்சந்தைக்கு யசிந்தா கடகத்தோடு பாசையூர் போனாள். றோஸ் தாய்க்குப் பக்கத்தில் இருந்து இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிவரப் பெண்கள்.

"றோஸ், உன்னோடை கதைக்கவேணும். வீட்டை வா, தனியச் சொல்லுறன்."

"தனியக் கதைச்சது காணும். எல்லாரும் கேட்ட கதைதானே, எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

யசிந்தா கடகத்தை இறக்கி வைத்தாள். அவள் முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள்.

"எனக்கு மூண்டு வருஷமா வயித்தாலை போச்சு. அடக்க ஏலாது. கோயிலிலையிருந்து எழும்பி ஓடினது அதுக்கு. வடலிக்குள்ளை போனதும் அதுக்கு. சேலையோடையும் போயிருக்கு. உன்ரை மனுசன் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவன். வேறை ஒரு பிழையுமில்லை. இப்ப மருந்தெடுத்து நிண்டிட்டுது, அதாலைதான் நன்மை எடுத்தனான்."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி கடகத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்றாள்.

"அவர் ஏன் உதை எனக்குச் சொல்லேல்லை?" என்று றோஸ் கேட்டாள்.

"நான்தான் அந்தோனியாராணை சத்தியம் வாங்கினனான், உனக்கும் சொல்லக்கூடாதெண்டு. நீ போன பிறகு வந்து கெஞ்சினவன். நான் விடேல்லை."

"ஏன்?"

"வெக்கத்திலை."

"என்ரை குடும்பம் உடையுமட்டும் வெக்கமோ அக்கா?"

"ஓம்," என்றாள் யசிந்தா.

றோசின் தாய் இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள். "நல்லாக் கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இதையும் நம்புவியோடி?"

றோஸ் இறாலைக் கீழே வைத்தாள். பிறகு கையைக் கழுவினாள்.

"கள்ளத்தை மறைக்க வந்தவள் வேறை ஆயிரம் பொய் சொல்லுவாள் அம்மா," என்றாள். "சேலையோடை போனனான் எண்டு சந்தைக்குள்ளை நிண்டு சொல்லமாட்டாள்."

அவள் யசிந்தாவுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் கோபமாகவே இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய் உடுப்புகளைக் கட்டத் தொடங்கினாள்.

அன்று யசிந்தாவிடம் ஒருவரும் மீன் வாங்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வந்த வழியே கடகத்தோடு திரும்பி வந்தாள். வெட்கம் குறைந்ததென்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அவள் எங்கள் ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம், றோஸ் போனதிலிருந்து அடுப்பெரியாத சூசைதாசன் வீட்டுக் குசினியிலிருந்து புகை எழும்பியது.